கூரைக்குப் பக்கத்தில் ஒரு மத்தியானம்

போன ஐப்பசி மாதம். ஆரணியில் எங்கள் தெருவில் மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், நான் எங்கள் வீட்டுக் கூரைக்குப் பக்கத்தில் ஒரு கட்டிலில் மாட்டிக்கொண்டு கிடந்தேன். சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டே கேளுங்கள்.

எங்கள் வீடு ஒரு கூடம், ஒரு சமையலறை, பின்னால் குளிக்க ஓர் இடம். என் வீட்டுக்காரர் பட்டு நெய்கிறவர். கூடத்தில் பாதிக்கு மேல் அவருடைய தறிக்குப் போய்விட்டது. தறிக் குழியில் காலை விட்டு உட்கார்ந்தாரென்றால் சோற்றுக்குத்தான் எழுந்திருப்பார். நான் எட்டாவது படிக்கும்போதே பாதியில் நின்று ராட்டை சுற்ற வந்தவள். இன்றைக்கும் நூல் சுற்றிக் கொடுப்பது, தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலில் இழை அறுந்தால் பிடித்து முடிச்சுப் போடுவது என் வேலை. தறி போக மிஞ்சிய இடத்தில்தான் எங்களுக்குச் சாப்பாடு, படுக்கை, டி.வி., வருகிற விருந்தாளி எல்லாமே. ஒருத்தர் காலை நீட்டினால் இன்னொருத்தர் மடக்கிக்கொள்ள வேண்டும். பழகிப்போய்விட்டது.

நான் கொஞ்சம் கவலைப்படுகிற ஆள். கொஞ்சம் என்று நானாகச் சொல்கிறேன். கேஸை மூடினேனா என்று பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பி வந்திருக்கிறேன். மின்விசிறிக்கு நேர் கீழே படுக்க மாட்டேன். "உனக்குக் கவல இல்லன்னா, இன்னிக்கு இன்னாடா கவலயே வரலியேன்னு அதுக்கு ஒரு கவலப்படுவே" என்பார் வீட்டுக்காரர்.

எங்கள் ஒரே மகளை வந்தவாசியில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளைக்கு அங்கே பாய்க்கடை. அப்பா இல்லாத பிள்ளை, அம்மா வளர்த்தது. மகளுக்கு வளைகாப்பு நடந்தது. எங்கள் பக்கத்து வழக்கப்படி அது முடிந்ததும் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவோம், தலைப்பிரசவம் எங்கள் பொறுப்பு. எல்லோரும் சாப்பிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் சம்பந்தி அம்மா நாலு பேர் முன்னால் ஒரு பேச்சைப் போட்டார்.

"அனுப்ப மாட்டேன்னு சொல்லலீங்க சம்பந்தி. உங்க வூட்ல அது கால நீட்டிப் படுக்க எடம் எங்க கீது? பச்சப் புள்ளயத் தறிக்கு அடியிலயா போடுவீங்க? எங்க வூட்லயே பெத்துக்கட்டும்."

அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். உண்மையாக இருந்ததால் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தேன். என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். கை நிறைய வளையல் போட்டிருந்தும் ஒரு சத்தம் வரவில்லை. வருகிற வழியெல்லாம் அந்தச் சத்தம் வராத கைதான் என் கண்ணில் நின்றது. நாங்கள் புறப்படும்போது மட்டும் சம்பந்தி அம்மாவே கொஞ்சம் இறங்கி வந்து, "எடம் பண்ணிட்டுச் சொல்லுங்க, நான் வந்து பாக்கறேன், அப்பறம் அனுப்பறேன்" என்றார். இடம் பண்ணுவது எப்படி? சுவரைத் தள்ளியா வைக்க முடியும்?

தள்ள வேண்டாம் என்றான் என் தம்பி. அவனுக்குச் சென்னையில் வேலை. சின்னச் சின்ன அடுக்குமாடி வீடுகளில் மோட்டார் வைத்த சாமான்கள் பொருத்திக் கொடுக்கிற கம்பெனி. அங்கே சில வீடுகளில் பகலில் கட்டில் கூரைக்குப் போய்விடுமாம், அந்த இடத்தில் மேசை போட்டு ஆபீஸ் வேலை பார்ப்பார்களாம். அலமாரி தானாக நகர்ந்து வழி விடுமாம். கேட்கும்போது எனக்கு யாரோ கனவில் கண்ட வீட்டைச் சொல்வது போலிருந்தது. யாரோ வேண்டாமென்று திருப்பிக் கொடுத்த ஒரு கட்டிலை அவன் வேனில் ஏற்றிக்கொண்டு வந்து, தறிக்குப் பக்கத்தில் கூரையில் மாட்டியே விட்டான். நாலு மூலையிலும் பட்டைப் பட்டையாக நாடா. ரிமோட்டை அமுக்கினால் சன்னமாக முனகிக்கொண்டு மேலே போய் ஒட்டிக்கொள்ளும். கீழே கூடம் காலியாகக் கிடக்கும்.

"ரோபோ மாதிரிக்கா. அடியில யாராச்சும் இருந்தா எறங்காது. மேல யாராச்சும் படுத்துகினு இருந்தா ஏறாது. அதுக்கே தெரியும்" என்றான்.

"எப்பிட்றா தெரியும்? கண்ணு வச்சிருக்குதா?"

வீட்டுக்காரர் தறியை விட்டு எழுந்திருக்காமலே சொன்னார், "தறி மேல கீற நம்ம ஜக்காடு பெட்டிக்குக் கண்ணு கீதா? அட்டையில ஓட்ட இருந்தா இழையத் தூக்குது, இல்லன்னா வுடுது. முந்தானையில மயில் வரல? பேஜார் பண்ணாத, அது பாட்டுக்கு ஏறி எறங்கட்டும்."

எனக்கு மனசு ஒப்பவில்லை. களம்பூர் அரிசி மூட்டையைக் கட்டில் மேல் கிடத்தி ரிமோட்டை அமுக்கிப் பார்த்தேன். அசையவில்லை. மூட்டையை இறக்கியதும் ஏறியது. சரி, தம்பி சொன்னது நிஜம்தான். தலைமாட்டில் ஒரு மூலையில் மட்டும் கருப்பாக ஒரு மெல்லிய கயிறு தளர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அது எதற்கென்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. சென்னைக்குப் போய்விட்டான்.

சம்பந்தி அம்மா வருகிறேன் என்று சொன்ன நாள் வந்தது. சாயங்காலம் வருவதாகத்தான் பேச்சு. காலையிலேயே வீட்டைத் துடைத்து வைத்துவிட்டேன். வீட்டுக்காரர் முதலாளி வீட்டுக்குப் பட்டு வாங்கப் போனார், மழை பிடித்துக்கொண்டது. தனியாக உட்கார்ந்திருந்த எனக்கு ஒரு நினைப்பு. அரிசி மூட்டை புரளாது. மனுஷர்கள் புரளுவார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் புரண்டு படுக்கும்போது கட்டிலுக்குச் சந்தேகம் வந்து ஏறிவிட்டால்? வந்தால் எனக்கு வரட்டும், அவளுக்கு வரக்கூடாது. ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டிலில் படுத்தேன். இரண்டு முறை புரண்டேன். ஏறாது என்ற தைரியத்தில்தான் பொத்தானை அமுக்கினேன்.

ஜன்னல் மெதுவாகக் கீழே இறங்கியது. ஜன்னல் ஏன் இறங்குகிறது என்று ஒரு கணம் வேடிக்கை பார்த்தேன். அப்புறம்தான் இறங்குவது ஜன்னல் இல்லை, ஏறுவது நான் என்று உறைத்தது. பதறிப்போய் நிறுத்துகிற பொத்தானைத் தேடினேன், அவசரத்தில் ரிமோட் நழுவிக் கீழே விழுந்தது. கட்டில் அது பாட்டுக்கு ஏறிக்கொண்டே இருந்தது. மேலே போய் ஒட்டிக்கொண்டால் கூரைக்கும் மெத்தைக்கும் நடுவே ஒரு தலையணைதான் நுழையும். "ஐயோ" என்று கத்தினேன். தெருவில் விசைத்தறிகள் ஓடுகிற ஓட்டத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

கரண்ட் போய்விட்டது.

விசைத்தறித் தெருக்களில் கரண்ட் போவதைக் கேட்டிருக்கிறீர்களா? விளக்கு அணைவதை யாரும் பார்ப்பதில்லை, சத்தம் அணைவதைத்தான் கேட்போம். தடக் தடக் என்று விடிந்ததிலிருந்து ஓடுகிற அத்தனை தறியும் ஒரே மூச்சில் நின்றுவிடும். காது திடீரென்று அகலமாகிவிட்டது போலிருக்கும். கண்ணைத் திறந்தேன். கூரை என் மூக்குக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. எழுந்து உட்கார முடியாது, ஆனால் புரளலாம். எங்கேயோ ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. யார் வீட்டிலோ ஒரு பிள்ளை பாடம் ஒப்பிப்பது கேட்டது. இத்தனை நாள் அந்தத் தெருவில் அப்படியொரு குரல் இருந்ததே எனக்குத் தெரியாது.

மெல்லப் புரண்டு கீழே பார்த்தேன்.

தறியில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு புடவை பாதி நெய்தபடி நின்றிருந்தது. எத்தனையோ வருஷமாக அந்த நிறத்தைப் பார்க்கிறேன். ராட்டையிலிருந்து பார்த்தால் நீலம். எப்போதும் நீலம்தான். மேலேயிருந்து பார்த்தபோது அது பச்சையாக இருந்தது. மழை வெளிச்சம் ஜன்னல் வழியாக வந்து பாவின் மேல் விழுந்து, காற்றில்லாத குளம் மாதிரி அது பளபளத்துக்கொண்டு கிடந்தது. நான் கொஞ்சம் தலையைச் சாய்த்தால் குளத்தில் நீலம் ஓடியது, நேராக்கினால் பச்சை ஓடியது. ஜக்காடு பெட்டியின் தலையில் தூசிக்கு நடுவே ஓர் இறகுப்பந்து கிடந்தது. மகள் பள்ளிக்கூடம் போகும்போது தொலைத்தது. அதற்காக அவளைத் திட்டினது ஞாபகம் வந்தது. அது எங்கேயும் போகவில்லை, எங்கள் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது.

பயந்து அலற வேண்டிய நேரம் அது. ஆனால் எனக்கு ஏனோ தாலாட்டி விட்டது போலிருந்தது. கவலைப்பட்டதெல்லாம் நடந்து முடிந்துவிட்டது, இனிமேல் கவலைப்பட ஒன்றுமில்லை என்பது போல ஓர் ஓய்வு. கண் சொருகியது.

"யாருங்க வூட்ல?"

சம்பந்தி அம்மா! சாயங்காலம் வர வேண்டியவர் முந்தின பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டார். கையில் நனைந்த குடை, கக்கத்தில் சுருட்டிய புதுப் பாய் ஒன்று. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கூரையிலிருந்து எப்படி "வாங்க சம்பந்தி" என்பது? சமையலறை வரைக்கும் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, மகனுக்குப் போன் போட்டார்.

"வந்துட்டேன்டா. கதவத் தொறந்து போட்டுட்டு எங்கியோ பூட்டாங்க... எடமா? வூட்டுக்குள்ள தறி கீதா, தறிக்கு வூடு கட்டியிருக்காங்களான்னே தெரியலடா... சரி சரி, வந்ததும் பேசறேன்."

மேலே படுத்தபடி எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. முடிந்தது கதை, மகள் வர மாட்டாள் என்று நினைத்தேன். அதற்குள் சம்பந்தி அம்மா தறிப் பக்கம் போனார். அந்த நிறம் யாரையும் இழுக்கும். குடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, ஈரக் கையைப் பாவின் மேல் நீட்டினார். ஈரம் பட்டால் பட்டு கறை பிடித்துவிடும். என் வெட்கமெல்லாம் எங்கே போனதோ, வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அதத் தொடாதீங்க!"

"அம்மா ரேணுகாம்பா!" என்று அவர், அம்மனே பேசிவிட்டாள் என்று நினைத்து, குடையைப் போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். நாலாபக்கமும் திரும்பினார். மேலே மட்டும் பார்க்கவில்லை.

"நான்தாங்க சம்பந்தி. மேல கீறேன்."

அண்ணாந்து பார்த்தார். கட்டில் ஓரத்தில் என் முகம் மட்டும் தெரிந்திருக்கும். அப்புறம், "அங்க இன்னாங்க பண்றீங்க?" என்றார், ஏதோ நான் மாடியில் வடகம் காயப்போடுவது மாதிரி.

சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். அவர் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "கரண்ட் வந்தா இது எறங்குமா, இன்னும் ஏறுமா?" என்று கேட்டார்.

எதற்கெல்லாமோ பயந்த எனக்கு, பயப்பட வேண்டிய அந்த ஒன்று மட்டும் தோன்றவே இல்லை.

"ஜல்தியா அந்த சுவிச்ச நிறுத்துங்க! செவுத்துல, சாமி படத்துக்குக் கீழ!"

ஓடிப்போய் அமுக்கினார். சத்தம் 'டிக்' என்று கேட்டது. அதற்கப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

பக்கத்து வீட்டில் ஆள் கூப்பிடட்டுமா என்றார். "வேணாங்க, தெருவே கூடிடும், மானம் பூடும். அவரு வந்துடுவாரு" என்றேன். "அப்ப நானும் உக்காந்துக்கறேன்" என்று கொண்டுவந்த பாயை விரிக்கப் போனார். "எனக்கு நேர் கீழ உக்காராதீங்க, அறுந்து விழுந்துடப் போவுது" என்றேன். "அங்க படுத்துகினும் வுட மாட்டீங்களா?" என்று சொல்லிப் பாயைத் தள்ளிப் போட்டு, தறி ஓரமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். எனக்கு அவர் முகம் தெரியவில்லை. வகிடு மட்டும் தெரிந்தது. பக்கத்திலேயே நரை. மழையில் நனைந்து ஒட்டிக் கிடந்தது.

மழை மறுபடி பிடித்தது. நாங்கள் சம்பந்தம் பண்ணிய நாளிலிருந்து, எதிரெதிரே உட்கார்ந்தால் "சாப்புடுங்க", "இருக்கட்டுங்க" தவிர வேறு பேச்சு பேசியதில்லை. முகத்தைப் பார்த்தால் எனக்கு எதைச் சொன்னால் தப்பாகுமோ என்றிருக்கும். அன்றைக்கு அவர் தறியைப் பார்த்துப் பேசினார், நான் கூரையைப் பார்த்துக் கேட்டேன்.

"போன்ல நான் பேசனத கேட்டீங்களா?"

"கேட்டுச்சிங்க."

"கோவமா?"

"கோவம் இல்லீங்க. எடம் இல்லாததுதானே."

பாயை நீவிக்கொண்டே சொன்னார். "எடத்துக்காவச் சொல்லலீங்க. எம்பையன் கடைய மூடிட்டு வர்றதுக்குள்ள நான் எதையாச்சும் வாயில போட்டுகினு தூங்கிடுவேன். அவங்கப்பா போனதுலேந்து அப்பிடித்தான். உங்க பொண்ணு வந்துதான் என்னத் தூங்க வுடாம உக்கார வச்சிது. தட்டு வச்சி, பேசிகினே சாப்புட வைக்கும். அது இங்க வந்துட்டா அந்த வூட்டுல நான் யாரோட பேசறது? இத நாலு பேரு முன்னால சொல்ல முடியுங்களா? அதான் எடமில்லன்னு சொல்லிட்டேன்."

நான் ராத்திரியும் பகலும் சுவரையும் தறியையும் அளந்து அளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். விஷயம் அங்கே இல்லவே இல்லை.

"அப்ப நீங்களும் வந்துடுங்க" என்றேன்.

"நல்லாச் சொன்னீங்க போங்க. மருமவ பிரசவத்துக்கு மாமியாக்காரி போயி சம்பந்தி வூட்ல குந்திகினு இருந்தா ஊரு சிரிக்காது?"

"இப்ப என்னப் பாத்தா ஊரு சிரிக்காதா?"

அவ்வளவுதான். கீழே அவர் சிரிக்க ஆரம்பித்தார், மேலே நான். நான் சிரித்த சிரிப்பில் கட்டில் லேசாக ஆடியது. அப்போதும் அறுந்துவிடுமோ என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே சிரித்தேன்.

கரண்ட் வந்தது. முதலில் தெருக்கோடியில் ஒரு விசைத்தறி, அப்புறம் அடுத்தது, அப்புறம் எல்லாமே. சம்பந்தி அம்மா என் போனை எடுத்துத் தம்பிக்குப் போட்டார். அவன் பதறிப்போய், "சுவிச்சப் போடுங்க, அது நின்ன எடத்துலயே நிக்கும். ரிமோட்ல கீழ் அம்ப மட்டும் அமுத்துங்க, வேற எதையும் தொடாதீங்க" என்றான். அவர் ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஆத்தா, கீழ எறக்கு" என்று கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினார்.

நான் இறங்கினேன். பச்சைக் குளம் கொஞ்சம் கொஞ்சமாக நீலமானது. ஜன்னல் தன் இடத்துக்கு ஏறிப் போனது. முதலில் அவர் வகிடு, பிறகு நெற்றி, பிறகு மூடிய கண். என் முகத்துக்கு நேராக அவர் முகம் வந்தபோது கண்ணைத் திறந்தார். இரண்டு பேர் கண்ணும் சிவந்திருந்தது. "வாங்க சம்பந்தி" என்று அவர்தான் என்னை என் வீட்டுக்குள் கூப்பிட்டார்.

வாசலில் பட்டு மூட்டையோடு நின்ற வீட்டுக்காரர் வாயைப் பிளந்துகொண்டிருந்தார். தம்பி இன்னும் போனில்தான் இருந்தான், அவர் அதை வாங்கிக் கேட்டார். "மாமா, தலைமாட்டு மூலையில ஒரு கருப்புக் கயிறு தொங்குமே, அது இருக்குதா பாருங்க. ஆளு படுத்தா பலகை அமுங்கி அந்தக் கயிற இழுக்கும். அத வச்சித்தான் கட்டிலுக்கு ஆள் இருக்கறது தெரியும். எதுலயாச்சும் மாட்டிகினா இழுபடாது, அதுக்கு ஒண்ணும் தெரியாது."

வீட்டுக்காரர் மூலையைப் பார்த்தார். கயிறு தொங்கவில்லை. இழுத்துப் பிடித்து, கட்டில் சட்டத்தோடு சேர்த்து, அழகாக ஒரு முடிச்சுப் போட்டிருந்தது. பாவு இழைக்குப் போடுகிற அதே முடிச்சு.

"தளர்ந்து தொங்கிகினு இருந்திச்சி..." என்று இழுத்தார். "கண்ண உறுத்திச்சி. கட்டிட்டேன்."

யாரைக் குறை சொல்வது? தளர்ந்த இழையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற கை நெசவுக்காரர் வீட்டில் ஏது? நானே பார்த்திருந்தால் நானும் கட்டியிருப்பேன். அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. என் மகள் படுக்க வேண்டிய கட்டில் அது.

"சம்பந்தி, மொதல்ல உங்க கையக் கட்டி வைங்க" என்றார் சம்பந்தி அம்மா. "பொண்ண வெள்ளிக்கிழம கூட்டினு வர்றேன். கூடவே நானும்தான் வருவேன். இந்த வூட்ல ஒருத்தராவது புத்தியா இருக்க வேணாமா?"

தம்பி மறுபடி வந்து முடிச்சை அவிழ்த்து எல்லாம் சரி செய்தான். மகள் வந்தாள், சொன்னபடி சம்பந்தி அம்மாவும் வந்தார். அவள் கட்டிலில் படுக்கும்போதெல்லாம் சுவிட்சையும் நிறுத்தி, பிளக்கையும் பிடுங்கி என் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். பகலில் கட்டில் மேலே போய்விடும். அந்த இடத்தில் வந்தவாசிப் பாயை விரித்து நாங்கள் சம்பந்திகள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம். சம்பந்தி அம்மா ராட்டை சுற்றக்கூடக் கற்றுக்கொண்டார், ஆனால் நூலை அறுத்துக்கொண்டே இருப்பார். இப்போது பேரன் அதே பாயில் குப்புற விழுகிறான். அவனுக்கு மேலே கட்டில் தொங்குவதை நினைத்து இன்றைக்கும் நான் அண்ணாந்து அண்ணாந்து பார்க்கிறேன். பாயைக் கொஞ்சம் தள்ளிப் போடுகிறேன். சம்பந்தி அம்மா சிரிக்கிறார்.

என் கவலை என்னை விட்டுப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எதற்காவது நெஞ்சு படபடக்கும்போது அந்த மத்தியானத்தை நினைத்துக்கொள்கிறேன்: நான் எதற்குப் பயந்தேனோ அது நடக்கத்தான் செய்தது, ஆனால் அது நடந்த நேரத்தில் கீழே ஒரு மனுஷி நனைந்த தலையோடு பாய் விரித்து எனக்காக உட்கார்ந்திருந்தாள்.